நல்லா விளையாடுற பெடியனைப் பின்னுக்கு விடுங்கோ

எங்கட ரீம் தோற்றால் அடுத்த நாள் கடைத்தெருவில் கேட்கிற காரணம் ஒன்றேதான்: முன்னுக்கு ஆளில்லை, கோல் அடிக்க ஒருத்தனுக்கும் தெரியாது. மன்னார்ப் பக்கம் அடம்பனில் மட்டுமில்லை, விடத்தல்தீவில் கேட்டாலும் நானாட்டானில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தேசிய அணியைப் பற்றிக் கதைக்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கோட்டுக்கு வெளியே நின்று பல வருசமாக உதைபந்தாட்டம் பார்க்கிறவன் நான். எனக்கு இந்தக் காரணம் சரியாகப் படவில்லை. முன்களத்தில் நிற்கிற பெடியன்களுக்குக் கோல் அடிக்கத் தெரியும். அவர்களுக்குப் பந்துதான் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டும் வானத்தில் இருந்து வருகிறது.

குறை பின்னுக்கு இருக்கிறது. பந்தை எடுத்து, தலையை நிமிர்த்திப் பார்த்து, முன்னுக்குக் கொண்டுபோகிற பின்களக்காரன் எங்களிடம் இல்லை. இருக்கிறவர்கள் எல்லாரும் மறிக்கத் தெரிந்தவர்கள். நல்லாகவே மறிப்பார்கள். உயரப் பந்துக்குத் தலை கொடுப்பார்கள், சறுக்கி விழுந்து பந்தைத் தட்டுவார்கள், முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வடிந்தாலும் எழும்பி நிற்பார்கள். மறித்த பந்தை என்ன செய்வது என்ற இடத்தில்தான் எல்லாம் குழம்புகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி. பந்து எதிர் ரீமின் காலுக்குப் போகும், திரும்பி வரும், திரும்பவும் மறிப்பார்கள், திரும்பவும் அடிப்பார்கள். எழுபதாவது நிமிசம் வரைக்கும் இப்படி மறித்து மறித்துக் களைத்துப்போய்க் கடைசியில் ஒரு கோல் வாங்குவார்கள். பிறகு கடைத்தெருவில் முன்களக்காரனுக்குத் திட்டு விழும். கட்டுக்கரைக் குளம் நிறைந்து கிடந்தாலும் துருசைத் திறக்காமல் கடைசி வயற்காரனிடம் போய் ஏன் விளையவில்லை என்று கேட்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

ஒரு மட்சில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பதினைந்து வயது இருக்கும், மெலிந்த பெடியன், இடது பெக். கோலி பந்தை உருட்டி அவனிடம் விட்டான். எதிர் ரீமின் வலப்பக்கக்காரன் நேரே அவனை நோக்கி ஓடி வருகிறான். பார்த்துக்கொண்டு நின்ற ஒரு ஐயா, "அடியடா வெளியால! அடியடா!" என்று கத்துகிறார். பெடியன் அடிக்கவில்லை. வலது காலின் அடிப்பாதத்தால் பந்தைத் தன் பக்கம் இழுத்தான். வந்தவனுக்கு வந்த வேகத்தில் நிற்க முடியவில்லை, அவனைக் கடந்து போய்விட்டான். முன்னுக்குப் பத்துப் பதினைந்து யார் இடம் திறந்து கிடந்தது. பெடியன் அதற்குள்ளால் பந்தோடு ஓடி, இரண்டு பேருக்கு நடுவால் நிலத்தோடு ஒரு பாஸ் போட்டான். நடுக்களத்தில் நின்றவனின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது பந்து. அவ்வளவுதான், கோல் ஒன்றும் வரவில்லை. ஆனால் எதிர் ரீமின் ஐந்து பேர் அந்த ஒரே பாசில் பந்துக்குப் பின்னால் விடுபட்டுப் போனார்கள். அன்றைய மட்சில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆட்டம் அதுதான். ஐயா சொன்னது என்ன தெரியுமா? "படம் காட்டுறான்."

கொஞ்ச நேரத்தில் பெடியன் அதையே திரும்பச் செய்யப் பார்த்தான். இந்த முறை பந்து மண்கட்டி ஒன்றில் பட்டுத் துள்ளியது, எதிர் ரீம் பறித்துவிட்டது. கோல்கூட விழவில்லை, கோலி பிடித்துவிட்டான். ஆனால் அடுத்த நிமிசம் பெடியனை வெளியே எடுத்தார்கள். "பின்னுக்கு நிண்டு விளையாட்டுக் காட்டாத, வந்தா வெளியால அடி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்கள். அடுத்த மட்சில் அவன் தன்னிடம் வந்த பந்தையெல்லாம் ஓங்கி அடித்தான். ஒரு பந்து மைதானத்து வேலியைத் தாண்டிப் பனைகளுக்குள் போய் விழுந்தது. சனம் கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்கத்தான் எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.

எங்கட இடத்துக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் மட்டும் சோளகம் எப்படி வீசும் என்று மன்னாரில் பிறந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைகளை அந்த இடத்தில் நட்டதே இந்தக் காற்றுக்காகத்தான். இப்படிப்பட்ட காற்றில் பந்தை உயர அடித்தால் என்ன நடக்கும்? காற்றுக்கு எதிராக அடித்தால் நடுக்கோட்டைத் தாண்டாமல் திரும்பி வரும். காற்றோடு அடித்தால் முன்களக்காரன் ஓடிப் பிடிக்க முதல் எதிர்க் கோலியின் கைக்குப் போகும். எங்கட மாவட்டத்தில் பந்தை நிலத்தோடு வைத்து விளையாடுவதுதான் புத்தி. காற்று வீசாத ஊர்க்காரன் உயர அடித்தாலாவது ஒரு பலன் இருக்கும். நாங்கள் உயர அடிப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

"கிறவுண்ட் அப்பிடி, என்ன செய்யிறது?" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எங்கட பக்கம் களிமண். மழைக்குச் சேறு, வெயிலுக்கு வெடிப்பு. அறுவடை முடிந்த வயலில் விளையாடிப் பழகிய கால்கள் இவை. தீவுப் பக்கம், பேசாலை தலைமன்னார் எல்லாம் மணல், பந்து உருளவே மாட்டாது. பின்னுக்கு நின்று பாஸ் போடுகிறவனுக்குப் பந்து ஒருமுறை துள்ளினாலே ஆபத்துத்தான். ஆனால் இதே நிலத்தில், இதே வெடிப்பில், எங்கட முன்களப் பெடியன்கள் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போகிறார்களே. அவர்களுக்கு மட்டும் நிலம் வேறா? அவர்களுக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறோம். பந்தைப் பறிகொடுத்தாலும் "பரவாயில்லை, திரும்பப் பார்" என்கிறோம். அதையே பெக் செய்தால் வெளியே இருத்துகிறோம்.

எல்லாம் தொடங்குவது பள்ளிக்கூடத்தில். பத்து வயதில் ரீம் பிரிக்கிறபோது நடப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பந்து காலோடு ஒட்டி நிற்கிற பெடியன் போர்வேட். கொஞ்சம் உடம்பான பெடியன் பெக். ஒன்றும் தெரியாதவன் கோலி. பத்து வயதில் எழுதிய இந்தத் தலையெழுத்து இருபது வயதிலும் மாறாது. மிகக் கெட்டிக்காரப் பெடியன், முழு மைதானத்தையும் பார்த்து யோசிக்கக்கூடியவன், எதிர்க் கோலுக்குக் கிட்டப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பந்துக்காகக் காத்து நிற்கிறான். யோசிக்கப் பழக்காத பெடியனிடம் ஒரு மட்சில் எல்லாரையும்விடக் கூடுதலான தரம் பந்து போகிறது.

இதை நான் தெளிவாக விளங்கிக்கொண்டது உதைபந்தாட்டத்தால் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் ஒருவன் பனிக்கட்டி ஹொக்கிப் பைத்தியம். ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் தோற்கிற இரவுகளில் எனக்குத்தான் போன் வரும். 1967-க்குப் பிறகு அந்த ரீம் ஸ்டான்லி கிண்ணத்தைத் தொட்டதில்லை, ஆதலால் போனுக்குக் குறைவில்லை. "பின்னுக்கு நிக்கிறவங்கள் எல்லாம் மலை மாதிரி நிக்கிறாங்கள் மச்சான். ஆனா பக்கைக் கொண்டுவர ஒருத்தன் இல்லை" என்றான் ஒருநாள். பக் என்பது அவர்கள் தட்டி விளையாடுகிற ரப்பர் வட்டு. நான் சிரித்துவிட்டேன். அடம்பன் ரீமைப் பற்றித்தான் அவன் கதைக்கிறான் என்று பட்டது.

அவன்தான் எனக்கு பொபி ஓர் என்ற மனிதரைப் பற்றிச் சொன்னான். ஒன்ராறியோவில் பாரி சவுண்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர், பொஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு ஆடியவர், பின்களக்காரர். 1969–70 பருவத்தில் தான் ஆடிய லீக் முழுவதிலும் அதிக புள்ளி எடுத்தவர் அவர். கோலும் கோலுக்கான பாசும் சேர்த்து 120. பின்களத்தில் நிற்கிற ஒருவர் முன்களக்காரர் எல்லாரையும் முந்தினார். 1974–75-இல் திரும்பவும் முந்தினார், 135. இன்றுவரை வேறு எந்தப் பின்களக்காரரும் அப்படி முந்தியதில்லை. 1970 மே 10-ஆம் திகதி ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற மேலதிக நேரக் கோலையும் அவர்தான் அடித்தார். முழங்கால் பழுதாகி முப்பது வயதிலேயே ஓய்வுபெற வேண்டி வந்தது.

ஆனால் என் மனதில் நின்றது இந்தக் கணக்கு இல்லை. சின்ன வயதில் ஓர் வேகமானவர், சின்ன உடம்பு. தகப்பனுக்கு அவரை முன்னுக்கு விட வேண்டும் என்று ஆசை. எங்கட அப்பாமார் மாதிரித்தான். அவரைப் பழக்கிய பக்கோ மக்டொனால்ட் என்ற பயிற்றுநர், தானும் முன்பு பின்களத்தில் ஆடியவர், மாட்டேன் என்று நின்றார். இவன் பின்னுக்குத்தான் விளையாட வேண்டும் என்றார். அந்த ஊரிலேயே சிறந்த பெடியனை எடுத்துப் பின்னுக்கு விட்டார் ஒருவர். அதனால் அந்த விளையாட்டே மாறியது.

உதைபந்திலும் இதே கதைதான். ஜியாச்சின்தோ ஃபக்கெற்றி சின்ன வயதில் முன்களக்காரர். இன்டர் மிலானில் ஹெலேனியோ ஹெரேரா அவரை இடது பெக் ஆக்கினார். ஹெரேராவின் ரீம் என்றால் மறிப்புக்குப் பேர் போனது. அந்த மறிப்புக்குள் இருந்துதான் ஃபக்கெற்றி கோடு வழியே மேலே ஓடினார். 1965–66 பருவத்தில் லீக்கில் மட்டும் 10 கோல் அடித்தார், ஒரு இடது பெக்!

அதே ஃபக்கெற்றி 1970 உலகக் கிண்ண இறுதியில் இத்தாலியின் தலைவர். பிரேசிலின் நாலாவது கோலைப் பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள், பார்த்தவர்கள் திரும்பப் பாருங்கள். கோலை அடித்த இடத்தை விடுங்கள், தொடக்கத்தைப் பாருங்கள். தன் ரீமின் பாதிக்குள்ளே குளோடோவால்டோ இத்தாலியர் நாலு பேரை ஒருவர் பின் ஒருவராக வெட்டுகிறார். எங்கட மைதானத்தில் அந்த இடத்தில் அப்படிச் செய்தால் முதல் ஆளை வெட்டும்போதே "அடியடா" என்று கத்தியிருப்பார்கள். பந்து இடப்பக்கம் ஜயர்சின்ஹோவிடம் போகிறது. வலப்பக்கக்காரரான அவர் இடப்பக்கம் வந்துவிட்டார், அவரைக் காக்க வேண்டிய ஃபக்கெற்றியும் தன் இடத்தை விட்டுக் கூடவே வந்துவிட்டார். வலப்பக்கம் முழுக்க வெறுமை. பெலே பந்தை எடுத்து, ஒருக்கால் நிறுத்தி, ஆளே இல்லாத பக்கம் உருட்டி விடுகிறார். ஓடி வந்து அடிக்கிறவர் கார்லோஸ் அல்பெர்டோ. வலது பெக், ரீமின் தலைவர். 86-ஆவது நிமிசத்தில், மூன்றுக்கு ஒன்று என்று வென்று நிற்கிறபோது, ஒரு பின்களக்காரர் அவ்வளவு தூரம் ஓடி வருகிறார். அவரை யாரும் "பின்னுக்கு நில்" என்று கட்டிப்போடவில்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்ந்து வந்திருக்கிறது. 1992-இல் வந்த மாற்றத்தோடு பெக் காலால் திருப்பிக் கொடுக்கிற பந்தைக் கோலி கையால் எடுக்க முடியாமல் போனது. அன்றில் இருந்து பின்னுக்கு நிற்கிறவர்களுக்குக் கால் வேலை தெரிந்தே ஆக வேண்டும். 2019-இல் கோல் கிக்குக்கும் மாற்றம் வந்தது. பந்து தண்டப் பெட்டியை விட்டு வெளியே போக வேண்டும் என்ற நிபந்தனை எடுபட்டது, பெட்டிக்குள்ளேயே பெக் வாங்கலாம். உலகம் முழுக்க அதை வைத்து ஆட்டத்தைக் கட்டுகிறார்கள். எங்கட மட்ச்களில் இன்னமும் கோல் கிக் என்றால் எல்லாரும் நடுக்கோட்டுக்கு ஓடிவிடுவார்கள், கோலி பத்து அடி பின்னுக்குப் போய் ஓடி வந்து ஒரு அடி அடிப்பான். மிச்சத்தைச் சோளகம் பார்த்துக்கொள்ளும்.

மன்னாரில் நல்ல பின்களக்காரர் பிறக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. டக்சன் பியூஸ்லஸ் இந்த மண்ணின் பிள்ளை. தேசிய அணியின் நடுப் பின்களத்தில் நின்றவர், மாலைதீவுக் கழகங்கள் கூப்பிட்டு விளையாட வைத்தவர். 2022 பெப்ரவரியில் மாலைதீவிலேயே அவர் இறந்த செய்தி வந்த அன்று மாவட்டமே உறைந்து போனது. கோல் அடிக்கிறவனைத்தான் ஊர் தோளில் தூக்கும் என்று நினைத்திருந்த பெடியன்களுக்கு, பின்னுக்கு நிற்கிறவனும் கடல் கடந்து போகலாம் என்று காட்டியவர் அவர். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு யாரை வளர்த்தோம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தேசிய அணிக்கும் இதே நோய்தான். 2021 ஒக்டோபர் 7-ஆம் திகதி மாலேயில் நடந்த சாஃப் கிண்ண மட்சில் இந்தியாவை 0–0 என்று சமப்படுத்தினோம். இந்தியாதான் அந்த முறை கிண்ணத்தையும் எடுத்தது. ஆகவே அது சின்ன விசயம் இல்லை, அன்று மறித்த பெடியன்களுக்கு என் மரியாதை என்றைக்கும் இருக்கும். ஆனால் அந்தத் தொடரில் நாலு மட்சிலும் சேர்த்து நாங்கள் போட்டது 2 கோல். இரண்டும் நேபாளத்துக்கு எதிராக, அந்த மட்சும் 3–2 என்று தோல்வி. அதே வருசம் ஜூனில் லெபனானுக்கு எதிராகவும் 2 கோல் போட்டோம், 3–2 என்று தோற்றோம். நாலு நாள் கழித்துத் தென்கொரியா 5–0. பந்து வந்தால் முன்களம் கோல் போடுகிறது. தொண்ணூறு நிமிசமும் மறித்துக்கொண்டே இருந்தால் எந்த முன்களத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு வெளிநாட்டில் வளர்ந்த இலங்கை வம்சாவழிப் பெடியன்களைத் தேடிப் பிடித்தார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது பின்களக்காரர்கள்தான். ஜாக் ஹிங்கேட், அவுஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் றோர் அணியின் வலது பெக் இடத்தில் நெடுங்காலம் ஓடியவர். கிளோடியோ கமர்க்னெக்ட், ஜெர்மனியில் டைனமோ டிரெஸ்டன் கழகத்துப் பின்களக்காரர். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் போனோம். 2025 ஜூனில் கொழும்பில் சீன தாய்ப்பேயை 3–1 என்று வென்றோம். எனக்குச் சந்தோசம்தான், யாருக்குத்தான் இருக்காது. ஆனால் பின்னுக்கு நின்று பந்தைப் பார்த்துக் கொடுக்கிற ஆளை நாங்கள் ஜெர்மனியில் இருந்தும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் கொண்டுவர வேண்டி வருகிறது. அவர்களை அங்கே பத்து வயதில் யாரோ பழக்கியிருக்கிறார்கள். பிழை விட விட்டிருக்கிறார்கள்.

இங்கே பிழை விட இடமே இல்லை. எங்கட சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறை. பெருநாளுக்கு ஒன்று, நினைவுக் கிண்ணம் ஒன்று, ஒரு மட்ச் தோற்றால் வீட்டுக்கு. ஒரு கோல் விழுந்தால் கதை முடிந்தது. இந்த நிலையில் எந்தச் சேர் தன் பெக்கிடம் "பந்தை வைத்திரு, பார்த்துக் கொடு" என்று சொல்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனம் அவரையும் விடாது. ஆகவே மாற்றம் மட்ச்சுக்குள் வராது, அதற்குக் கீழே, தோற்றாலும் யாரும் அழாத வயதில் வர வேண்டும்.

இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளின் உதைபந்தில் ஒரு விதி இருக்கிறது. கோல் கிக்கின்போது எதிர் ரீம் முழுக்கத் தன் பாதிக்குப் பின்வாங்கி நிற்க வேண்டும். பெக் அவசரமில்லாமல் பந்தை வாங்கலாம், திரும்பலாம், பார்க்கலாம். காசு செலவில்லாத விதி. எங்கட மாவட்டத்தில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிறவர்கள் இதை அடுத்த முறையே போட்டுப் பார்க்கலாம். விலகல் முறையை விட்டுவிட்டு ஒவ்வொரு ரீமுக்கும் மூன்று நாலு மட்ச் கிடைக்கிற மாதிரி வைத்தால் இன்னும் நல்லது. ரீம் பிரிக்கிற சேர்மாரிடம் கேட்பது ஒன்றுதான்: தெரிவு நாளில் முதலில் கண்ணில் படுகிற அந்தக் கெட்டிக்காரப் பெடியனை, ஒரு பருவத்துக்காவது, நடு பெக்காக விட்டுப் பாருங்கள். அப்பா வந்து கேட்டால் பொபி ஓரின் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கோட்டுக்கு வெளியே நிற்கிற எங்களுக்கும் வேலை இருக்கிறது. "அடியடா வெளியால" என்று கத்துகிற ஐயாமாரோடு நான் கதைக்கத் தொடங்கிவிட்டேன். ஒருவர் இப்போது கத்துவதில்லை. இன்னொருவர், "சரி தம்பி, அப்ப என்ன எண்டு கத்த?" என்று கேட்டார். "நேரம் இருக்கு, பார்!" என்று கத்துங்கள் ஐயா என்றேன். போன கிழமை பின்னேரப் பயிற்சியில் அவர் அதைக் கத்தினார். பெக் நின்று, பார்த்து, நடுக்களத்துக்குக் கொடுத்தான்.